படமா, எழுத்தா?

(தனுவச்சபுரத்தில் நடந்த உபசபை குடும்ப சங்கமத்தில், தீர்மானங்கள் எடுத்துக்கொள்ளப்படுவதற்கு முன் ஆற்றிய உரை)

எனக்கு இருபது நிமிஷம் தந்திருக்கிறார்கள். முப்பது வருஷம் காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்தவனுக்கு மணி அடிக்கிற வரைக்கும் பேசித்தான் பழக்கம். இன்று சமையற்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வருவதால் சீக்கிரம் முடிக்க முயற்சி பண்ணுகிறேன்.

மத்தியானம் வரப்போகிற தீர்மானங்களில் மூன்றாவதைப் பற்றித்தான் பேச்சு. யுவஜன விபாகத்திலிருந்து வந்திருக்கிறது. வாசகம் இதுதான்: சிகரெட் பெட்டியில் புற்றுநோய்ப் படம் போடுவதுபோல, மாமிசம் விற்கிற ஒவ்வொரு பாக்கெட்டிலும் பிராணிகளை அறுக்கும் காட்சியைப் படமாக அச்சிட வேண்டும் என்று நம் சபை மத்திய அரசைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை எழுதிய பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். தெருநாய்க்குக் கூடத் தினம் சோறு வைக்கிற பிள்ளை. ஜாதி கர்வத்தால் எழுதியது இல்லை, ஜீவகாருண்யத்தால் எழுதியது. அதனால்தான் சும்மா கை தூக்கி நிறைவேற்றி விடாமல் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று செயலாளரிடம் நேரம் கேட்டு வாங்கினேன்.

முதலில் பிள்ளை பக்கத்து நியாயத்தைச் சொல்லி விடுகிறேன். படத்துக்குச் சக்தி உண்டு. நம் நாட்டில் புகையிலைப் பொருள்களில் எச்சரிக்கைப் படம் 2009 மே 31ஆம் தேதி முதல் வந்தது. அப்போது முன்பக்கத்தில் மட்டும், 40 சதவீதம் இடம். 2016 ஏப்ரல் முதல் இரண்டு பக்கமும் 85 சதவீதம். 2009-10இல் எடுத்த அகில இந்தியக் கணக்கெடுப்பில், பெட்டியிலுள்ள எச்சரிக்கையைப் பார்த்து விட்டுவிடலாம் என்று நினைத்த சிகரெட்காரர்கள் நூற்றுக்கு 38 பேர். 2016-17இல் அதுவே 62 பேர். ஆனால் எந்தப் படம் என்பது முக்கியம். 2009இல் மெல்லுகிற புகையிலைக்கு என்ன படம் போட்டார்கள் தெரியுமோ? ஒரு தேள்! நம் தாத்தாமார் பொடி மட்டையும் வெற்றிலைப் புகையிலையுமாக இருந்தவர்கள். அவர்கள் அந்தத் தேளைப் பார்த்திருந்தால், கடைக்காரன் புதுசாக ஏதோ மார்க் போட்டிருக்கிறான் என்று சொல்லியிருப்பார்கள்.

மாமிசத்துக்கும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் டர்ஹம் பல்கலைக்கழகத்தார், மாமிசம் சாப்பிடுகிற சுமார் ஆயிரம் பேரிடம் சாப்பாட்டுப் படங்களைக் காட்டி எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மாமிசச் சாப்பாட்டின் மேல் எச்சரிக்கைப் படம். சிலருக்கு உடம்புக்குக் கெடுதல் என்று, சிலருக்குப் பூமிக்குக் கெடுதல் என்று, சிலருக்குக் கொள்ளை நோய் வரும் என்று. முடிவு 2023இல் வெளிவந்தது. மாமிசத்தைத் தேர்ந்தெடுப்பது 7 முதல் 10 சதவீதம் குறைந்தது. அது படத்தைப் பார்த்துச் சொன்ன பதில், கடையில் காசு கொடுத்து வாங்கியது இல்லை. ஆனாலும் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது.

சரி, இனி நம் ஊருக்கு வருவோம்.

இந்தத் தீர்மானத்தைப் படித்ததும் எனக்கு எழுந்த முதல் கேள்வி: பாக்கெட் எங்கே? தனுவச்சபுரம் ஸ்டேஷனிலிருந்து இறங்கி ஜங்ஷன் வரைக்கும் நடந்து பாருங்கள். பாறசாலைக்கோ நெய்யாற்றின்கரைக்கோ பஸ்ஸில் போய்ப் பாருங்கள். கோழிக்கடை வாசலில் கம்பிக் கூண்டு. உள்ளே உயிரோடு கோழி. வாங்குகிறவர் கண் முன்னாலேயே எடுத்து, நிறுத்து, அறுத்து, ஒரு கறுப்புக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கடையில் தோல் உரித்த ஆடு முழுசாகத் தொங்குகிறது, தலை தனியாக மேஜை மேல் இருக்கிறது. பூவாறிலிருந்தும் பொழியூரிலிருந்தும் வருகிற மீன், ஸ்கூட்டர் பெட்டியில் ஐஸோடு வீட்டு வாசலுக்கே வருகிறது. இதில் எந்த லேபிளில் எந்தப் படம் போடுவது? எதைப் படமாகக் காட்ட வேண்டும் என்கிறோமோ அது நேரிலேயே, ரத்தத்தோடு, வாசனையோடு எதிரில் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். சிறு குழந்தைகள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

பாக்கெட் மாமிசம் அறவே இல்லை என்று சொல்லவில்லை. திருவனந்தபுரத்து சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிறது. கூத்தாட்டுகுளம் அருகே இடையாறில் மீட் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்று மாநில அரசின் நிறுவனமே 1973இலிருந்து இருக்கிறது. குடும்பஸ்ரீயின் கேரள சிக்கன் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்துச் சமையல்கட்டுகளுக்குப் போவதில் அதெல்லாம் எத்தனை பங்கு? மறைந்திருப்பதைக் காட்டத்தான் படம் வேண்டும். இலண்டன்காரனுக்கு அது மறைந்திருக்கிறது. இங்கே மறைந்திருக்கவில்லை.

இரண்டாவது, எச்சரிக்கை என்றால் என்ன? "இதைச் செய்தால் உனக்கு இது வரும்" என்பது எச்சரிக்கை. சிகரெட் பெட்டியிலுள்ள படம் பிடிக்கிறவருடைய நுரையீரலை, அவருடைய வாயைப் பற்றியது. அறுக்கும் காட்சி அப்படியில்லையே. அது பிராணிக்கு நடந்ததைச் சொல்கிறது, சாப்பிடுகிறவருக்கு வரப்போவதைச் சொல்லவில்லை. அதற்குப் பெயர் கண்டனம். கண்டிக்க நமக்கு உரிமை உண்டு, நம் பத்திரிகையில் எழுதலாம், மேடையில் பேசலாம். பிறத்தியாருடைய சாப்பாட்டுப் பொட்டலத்தின் மேல் அரசாங்கத்தைக் கொண்டு எழுத வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

உடனே ஒருவர் சொல்வார், மாமிசத்தால் கேன்சர் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதே என்று. சொன்னது உண்மை. அதன் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015 அக்டோபரில், பதப்படுத்திய இறைச்சியை, அதாவது சாஸேஜ், பேக்கன் வகையறாவை, புகையிலை இருக்கிற அதே முதல் வகுப்பில் வைத்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றது. ஆனால் முதல் வகுப்பு என்பது சாட்சியம் எவ்வளவு உறுதி என்பதற்கான வகுப்பு, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதற்கு அல்ல. அந்த அமைப்பே அப்போது ஒப்பிட்டுக் காட்டிய கணக்கு: உலகத்தில் வருஷத்துக்குப் புகையிலையால் வரும் புற்றுநோய்ச் சாவு சுமார் 10 லட்சம், பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் சுமார் 34,000. சாதாரணச் சிவப்பு இறைச்சி அதற்கும் கீழே, "இருக்கக்கூடும்" என்ற வகுப்பில். கோழியும் மீனும் அந்த முடிவிலேயே சேரவில்லை. நம் ஊரில் அதிகம் சாப்பிடுவது அந்த இரண்டும்தான்.

இப்போது சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். காலையில் காபி சாப்பிட்டு விட்டுத்தானே எல்லோரும் வந்திருக்கிறோம்? பிராணி படுகிற கஷ்டத்தைப் பாக்கெட்டில் படமாகக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தால், பால் பாக்கெட்டை எந்த நியாயத்தால் விட்டு வைப்பார்கள்? பசு கறக்க வேண்டுமானால் கன்று போட வேண்டும். பிறக்கிற கன்றில் பாதி காளைக் கன்று. உழவுக்கு டிராக்டர் வந்தாயிற்று, வண்டிக்கு லாரி வந்தாயிற்று. அந்தக் காளைக் கன்றுகள் எங்கே போகின்றன? கறவை வற்றின மாடு எங்கே போகிறது? தமிழ்நாட்டிலிருந்து களியக்காவிளை தாண்டி மாடு ஏற்றி வரும் லாரிகளை நான் ஐம்பது வருஷமாக இந்த ரோட்டில் பார்க்கிறேன். அதில் நிற்கிற மாடுகள் ஒரு காலத்தில் யாருக்கோ பால் கொடுத்தவைதான். என் வீட்டில் அம்மா காலத்தில் மாடு இருந்தது. கறவை நின்ற மாட்டை விற்கவே மாட்டோம் என்று கடைசி வரைக்கும் வைத்துத் தீனி போட்ட குடும்பங்களும் நம்மில் உண்டு. இன்று நம்மில் எத்தனை பேர் வீட்டில் தொழுவம் இருக்கிறது? பாலை விடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை, நானும் விடப்போவதில்லை. சட்டத்துக்குப் பால் சைவம்தான், பச்சைப் புள்ளிதான். ஆனால் படம் என்று ஆரம்பித்தால் அது பச்சைப் புள்ளியைப் பார்த்து நிற்காது.

பாலைத் தாண்டினால் பக்ஷணம். 2025 ஜூலையில் பத்திரிகைகளில் ஒரே அமர்க்களம், ஞாபகம் இருக்கும். சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் சிகரெட் மாதிரி எச்சரிக்கை வரப்போகிறது என்று. அப்படி ஒன்றுமில்லை, எண்ணெயும் சர்க்கரையும் எவ்வளவு இருக்கிறது என்று அலுவலகங்களில் பலகை வைக்கச் சொன்னோம், அவ்வளவுதான் என்று சுகாதார அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. அன்றைக்கு நம்மவர் எத்தனை பேர் வாட்ஸ்அப்பில் கொதித்தோம்! தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிற பலகாரத்தின் மேல் கை வைக்க இவர்கள் யார் என்று கேட்டோம். சிலி நாட்டில் 2016இலிருந்தே உப்பு, சர்க்கரை, கொழுப்பு அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை போடுகிறார்கள். இங்கேயும் அப்படி வேண்டும் என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2023இல் வெளியிட்ட கணக்கில் நாட்டிலேயே சர்க்கரை வியாதி அதிகமுள்ள இடங்களில் கேரளம் ஒன்று, 25.5 சதவீதம். நாடு முழுவதற்கும் 11.4தான். எந்தப் பாக்கெட்டில் படம் போட்டால் கேரளத்தில் உயிர் பிழைக்கும் என்று ஒரு டாக்டரைக் கேட்டால் அவர் முதலில் கை காட்டுவது எதை? கல்யாண முறுக்கையும் ஜாங்கிரியையும் காட்டினால் நாம் கோபிக்கக் கூடாது.

இன்னொன்று, அக்கம்பக்கம். 2014இல் மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கு எடுத்தபோது, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் கேரளத்தில் நூற்றுக்கு 97 பேர் அசைவம். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஆக நூற்றுக்கு மூன்று பேரில் நாம் ஒரு சிறு பகுதி. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நம்மவர் வீடு இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் இருக்கிறது. நாடாரும் நாயரும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் சுற்றி இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் என்ன நடக்கிறது? "சாமிக்கு அந்தப் பக்கம் தனியா வெச்சிருக்கு" என்று கூட்டிக்கொண்டு போகிறார்கள். தனி அடுப்பு, தனிப் பாத்திரம், சில இடத்தில் சமையலுக்கே நம் ஆளை ஏற்பாடு பண்ணியிருப்பார்கள். என் அடுத்த வீட்டுக்காரர் கோழிக்கடைதான் வைத்திருக்கிறார். என் மனைவிக்கு ராத்திரி மூச்சுத் திணறல் வந்தபோது கடை வண்டியைக் கொண்டுவரவில்லை. சாமி, இதில் ஏற்ற வேண்டாம் என்று தானே ஓடிப்போய் வேறொருவர் காரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நம் தீர்மானத்தை மலையாளத்தில் மொழிபெயர்த்து அவர் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் வராது. அவர் சண்டைக்கு வரமாட்டார். படித்துவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுப்பார்.

இவ்வளவும் சொன்னதால், லேபிள் விஷயத்தில் நமக்கு ஒன்றும் கேட்க வேண்டியதில்லை என்று அர்த்தமில்லை. நிறைய இருக்கிறது. இங்கேதான் நான் கொஞ்சம் கெமிஸ்ட்ரி வாத்தியாராகப் பேச வேண்டும்.

பாக்கெட்டில் சைவ அசைவக் குறி எப்போது வந்தது? 2000இல் அசைவத்துக்கு மட்டும் பழுப்புப் புள்ளி என்று விதி வந்தது. குறி இல்லாவிட்டால் சைவமா, இல்லை, போட மறந்ததா என்று தெரியாத நிலை. 2001 கடைசியில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி என்று இன்னொரு விதி. இருபது வருஷம் இரண்டும் ஒரே வட்டமாக இருந்தன, நிறம் மட்டும் வேறு. பச்சையையும் பழுப்பையும் பிரித்தறிய முடியாத கண் பலருக்கு உண்டு. அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். 2020இல் வந்த புதிய லேபிள் விதியில்தான் அசைவக் குறியைச் சதுரத்துக்குள் முக்கோணமாக மாற்றினார்கள். எவ்வளவு சின்ன மாற்றம், எவ்வளவு பெரிய உபகாரம்! யார் மனசும் புண்படவில்லை. சைவருக்கும் லாபம், அசைவருக்கும் நஷ்டமில்லை. இந்த மாதிரிக் காரியத்தைத்தான் நாம் கேட்க வேண்டும் என்கிறேன்.

இன்னும் கேட்க வேண்டியது என்ன? பேரக்குழந்தை கொறிக்கிற சிப்ஸ் பாக்கெட்டின் பின்புறம், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சுவை கூட்டி 631 என்று இருக்கலாம். டைசோடியம் இனோசினேட் என்று பெயர். அதை மீனிலிருந்தோ மாமிசத்திலிருந்தோ எடுக்கலாம். நம் ஊர் மரச்சீனி மாவைப் புளிக்க வைத்தும் எடுக்கலாம். இரண்டும் ஒரே அணு அமைப்பு. சோதனைக் குழாயில் போட்டால் கெமிஸ்ட்ரி வாத்தியாருக்குக் கூட வித்தியாசம் தெரியாது. தயாரித்தவர் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. அதனால்தான் 2021 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், ராம் கௌ ரக்ஷா தள் தொடுத்த வழக்கில் ஒரு நல்ல உத்தரவு போட்டது. சேர்மானம் ஒவ்வொன்றையும் எண்ணால் மட்டுமல்லாமல், தாவரத்திலிருந்து வந்ததா, பிராணியிலிருந்து வந்ததா, ஆய்வுக்கூடத்தில் செய்ததா என்று எழுத வேண்டும், எவ்வளவு அற்பமான அளவானாலும் சொல்ல வேண்டும் என்றது. உத்தரவு வந்து வருஷங்கள் ஆயின. கடைக்குப் போய்ப் பத்துப் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். பச்சைப் புள்ளி இருக்கும், எண் இருக்கும், எதிலிருந்து வந்தது என்பது எத்தனையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். இதே அமெரிக்காவில், உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டுச் சாரம் கலந்ததைச் சொல்லவில்லை என்று 2001இல் மக்டொனால்ட்ஸ் மேல் வழக்குப் போட்டு, கம்பெனி மன்னிப்புக் கேட்டு, ஒரு கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் பண்ணிக்கொண்டது. வழக்குப் போட்டவர்கள், பிறர் மாட்டிறைச்சி சாப்பிடக் கூடாது என்று கேட்கவில்லை. எங்களுக்குச் சொல்லாமல் கொடுத்தாயே என்றுதான் கேட்டார்கள்.

அடுத்தது மருந்து. இங்கே உட்கார்ந்திருக்கிற அறுபது தாண்டினவர்களில் காப்ஸ்யூல் விழுங்காதவர் யார்? அந்தக் கூடு பெரும்பாலும் ஜெலட்டின். ஜெலட்டின் என்றால் பிராணியின் எலும்பும் தோலும். தூரத்தில் எங்கோ செய்வதாக நினைக்க வேண்டாம். ஜப்பானியக் கம்பெனியோடு நம் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் கூட்டுச் சேர்ந்து 1975இல் தொடங்கிய நிறுவனம், கொரட்டி அருகே காதிக்குடத்தில் எலும்பைப் பக்குவம் பண்ணி, கொச்சி காக்கநாட்டில் ஜெலட்டின் எடுக்கிறது. அவர்கள் செய்வது முறையான தொழில், எனக்கு ஆட்சேபமில்லை. மருந்து அட்டையில் அந்தப் புள்ளி கட்டாயமில்லை என்பதுதான் என் ஆட்சேபம். தாவர நாரிலிருந்து செய்கிற காப்ஸ்யூல் கூடு இருக்கிறது. எதில் எது என்று சொன்னால்தானே டாக்டரிடம் மாற்றித் தாருங்கள் என்று கேட்க முடியும்?

இதற்காக நீதிமன்றம் போனவர் யார் தெரியுமோ? உஸைர் ஹுஸைன் என்பவர். மருந்திலும் அழகுசாதனப் பொருளிலும் பிராணிப் பொருள் இருந்தால் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் வாதாடினார். 2002இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. உயிர் காக்கும் மருந்துகளை மட்டும் விலக்கி, மற்றவற்றில் குறி போடச் சொன்னார்கள். சோப்புத் தயாரிப்பாளர் சங்கம் மேல்முறையீடு செய்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, இப்படிச் சட்டம் செய் என்று நீதிமன்றம் உத்தரவிட முடியாது என்று. அதாவது, அரசாங்கம்தான் விதி செய்ய வேண்டும். கேட்க வேண்டிய இடம் தெளிவாகிவிட்டது. நம்மைப் போன்ற சபைகள் கேட்டோமா?

கடைசியாக எழுத்தின் அளவு. சின்னப் பாக்கெட்டில் அந்தப் பச்சை வட்டத்தின் விட்டம் 3 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்கிறது விதி. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. சேர்மானப் பட்டியலின் எழுத்து அதைவிடப் பொடி. போன வருஷம் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன பிறகுதான், ஆறு மாசமாக வாங்கிக்கொண்டிருந்த ஒரு கேக்கில் முட்டை உண்டு என்று பேத்தி படிக்காமல் நானே படித்தேன். அது எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், அவர்கள் விதிப்படிதான் அச்சிட்டிருக்கிறார்கள்.

ஆகவே மூன்றாவது தீர்மானத்துக்கு மாற்று வாசகம் ஒன்று எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அதில் மூன்று கோரிக்கை. உணவில் எண்ணால் குறிக்கும் ஒவ்வொரு சேர்மானத்துக்கும் அது எதிலிருந்து வந்தது என்று எழுதச் செய்வது. மருந்துக் கூட்டுக்கும் சைவ அசைவக் குறி போட விதி செய்வது, உயிர் காக்கும் மருந்தில் விலக்கு இருக்கலாம். எழுத்தும் குறியும் வயசானவர் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கச் செய்வது, கேரளத்தில் விற்பதில் மலையாளத்திலும். பெறுநர், தில்லியிலுள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையமும் சுகாதார அமைச்சகமும். முன்மொழிபவராக என் பெயரைப் போட வேண்டாம், தீர்மானத்தை முதலில் கொண்டுவந்த பிள்ளையின் பெயரையே போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அவனிடம் நேற்று ராத்திரி பேசினேன். கோழிக்கடைக்காரரும் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டான். நான் கேட்டுவிட்டேன், போடுகிறேன் என்றிருக்கிறார். அவருக்கும் பிரஷருக்குக் காப்ஸ்யூல் உண்டு, எழுத்து தெரியவில்லை என்பது அவருடைய குறையும்தான். கையெழுத்துத் தாள் வாசலில் மேஜை மேல் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகிற வழியில் போட்டுவிட்டுப் போங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.